கண்ணாடியில் படியும் பனி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: "ஐயா, வணக்கம். நாங்க பாலக்கோடு பக்கம். ஒன்றரை ஏக்கர்ல சாமந்தி போட்டிருக்கோம். ராத்திரி 3 மணிக்குப் பூ மூட்டையை எங்க பழைய கார்ல ஏத்திக்கிட்டு தருமபுரி பூ மார்க்கெட்டுக்குப் போறோம். மகன் வண்டி ஓட்டுவான், நான் பக்கத்துல உக்காருவேன். கார்த்திகையில இருந்து முன் கண்ணாடி முழுக்க வெள்ளையா மூடிக்குது. நான் முந்தானையால துடைச்சுக்கிட்டே வருவேன், துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடுது. போன வாரம் சைக்கிள்ல பால் கேன் கட்டிக்கிட்டுப் போன பெரியவர் ஒருத்தர் கிட்ட வந்த பிறகுதான் தெரிஞ்சார். மயிரிழையில தப்பிச்சார். கண்ணாடிக்குக் காத்து அடிக்கிற டிஃப்ராஸ்டர் வேலை செய்யலைன்னு மெக்கானிக் சொல்றார். ஏசி கம்ப்ரஸரே மாத்தணுமாம். அந்தத் தொகைக்கு நாலு தடவை பூ விக்கணும். இது வேளாண்மைக் கேள்வி இல்லைன்னு தெரியும். வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியலை."

பதில்: அம்மா, இது வேளாண்மைக் கேள்விதான். வயலில் விடியற்காலை இலைமேல் படியும் பனித்துளிக்கும், உங்கள் கார் கண்ணாடியில் படியும் ஆவிக்கும் காரணம் ஒன்றே. விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் நம் வேலையில் ஒரு பாதி. பூ போய்ச் சேர வேண்டும், பூக்காரரும் வீடு திரும்ப வேண்டும்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் வத்தல்மலையில் மிளகுத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, ஐப்பசி மழையில் ஒரு வாடகை ஜீப்பில் கீழே இறங்கினோம். எட்டுப் பேர், எட்டுப் பேரும் நனைந்திருந்தோம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டோம். இரண்டாவது வளைவிலேயே கண்ணாடி மூடிக்கொண்டது. ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து மறு கையால் அழுக்குத் துணியை வைத்துத் துடைத்தார். அடுத்த வளைவில் முன் சக்கரம் மண்ணில் இறங்கிப் பாறையில் முட்டி நின்றது. பாறை அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் இருந்திருந்தால் பள்ளம். அந்தக் கண்ணாடியை மூடியது வெளியிலிருந்த மழை அல்ல, உள்ளே இருந்த நாங்கள் எட்டுப் பேரும்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எப்படி என்று பாருங்கள். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 25 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரிக்கு வந்தால் சுமார் 13 கிராம்தான். மிச்சம் துளியாக வெளியே வந்தாக வேண்டும். மார்கழி விடியலில் காருக்குள் காற்று கதகதப்பாக இருக்கும், கண்ணாடி வெளிக்குளிரில் சில்லென்று இருக்கும். கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, சுமந்துவந்த தண்ணீரை அங்கேயே இறக்கிவைத்துவிடும். ஒரு ஆள் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 30 முதல் 50 கிராம் வரை ஈரம் விடுகிறார். ஆக, மூடிய காருக்குள் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். உங்கள் காரில் இரண்டு பேரோடு நாலு மூட்டை பூவும் வருகிறது. பறித்த பிறகும் பூவுக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடும், ஈரமும் விடும்.

போன வாரம் மாரண்டஅள்ளி பக்கம் வயலைப் பார்க்கப் போனபோது, வழியில் உங்கள் வீட்டில் இறங்கி வண்டியைப் பார்த்தேன் அல்லவா? மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். கம்ப்ரஸர் ஓடியது. வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீரும் சொட்டியது. அதனால் அது சாகவில்லை. பார்த்ததில் மூன்று விஷயங்கள் கிடைத்தன.

ஒன்று, வண்டி நிற்பது புளியமரத்தடியில். வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடைப் பள்ளத்தில் புளிய இலை மக்கி அடைத்திருந்தது. மழைத்தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே கசிந்து, இடப்பக்கக் கால் மிதியடிக்குக் கீழே பஞ்சு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. இரண்டு, பூ வாடக்கூடாது என்று மூட்டைக்கு மேல் தாராளமாகத் தண்ணீர் தெளித்திருந்தீர்கள். மூன்று, வெளியே தூசி என்று உள்காற்றுப் பொத்தானைப் போட்டு விட்டு வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருந்தீர்கள். டீசல் செலவாகும் என்று ஏசியையும் போடுவதில்லை. ஈரம் உள்ளேயே பிறந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் மகன் இலையை அள்ளிப் போட்டு, மிதியடியைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். இப்போது கண்ணாடி தெளிவாக இருக்கிறது என்று போனில் சொன்னார். செலவு எதுவும் இல்லை.

எல்லா வண்டிக்கும் இதே காரணம் இருக்காது. ஆனால் எந்த வண்டியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்காமல் பாகம் மாற்றினால் பணமும் போகும், பனியும் போகாது.

சாலையில் மூடிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் வேகத்தைக் குறைத்து, விளக்கைச் சிமிட்ட விட்டு, தார்ச்சாலையை விட்டுக் கீழே இறக்கி நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் துடைக்காதீர்கள். பிறகு கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஆவி உள்பக்கம். விழாமல், வைப்பர் போட்டதும் தெளிந்தால் ஆவி வெளிப்பக்கம். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். பலர் தவறுவது இங்கேதான்.

உள்பக்கம் என்றால்:

1. காருக்குள் வளைந்து சுற்றும் அம்புக்குறி உள்ள பொத்தானை அணைத்துவிடுங்கள். வெளிக்காற்று உள்ளே வரட்டும்.
2. காற்றின் திசையைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். விசிறி வடிவக் கண்ணாடியும் அதன் மேல் வளைந்து எழும் மூன்று கோடுகளும் உள்ள படம் அதற்குரியது.
3. புளோயரை முழு வேகத்தில் வையுங்கள்.
4. ஏசியைப் போடுங்கள். "குளிருக்கு ஏசியா?" என்று கேட்பார்கள். ஏசியின் முதல் வேலை இங்கே குளிர வைப்பதல்ல, காற்றைப் பிழிந்து காயவைப்பது. காற்றிலுள்ள ஈரம் உள்ளே உள்ள குளிர்ந்த சுருளில் படிந்து, குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டிவிடும்.
5. சூட்டுக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். காய்ந்த காற்று சூடாக வந்தால் கண்ணாடி ஓரிரு நிமிடத்தில் தெளியும். என்ஜின் சூடேறிய பிறகுதான் ஹீட்டரும் சூடாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

தெளிந்ததும் ஏசியை அணைத்து, கூடவே உள்காற்றுப் பொத்தானைப் போட்டுவிடாதீர்கள். சுருளில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி, ஒரே நிமிடத்தில் கண்ணாடியை மூடிவிடும்.

வெளிப்பக்கம் என்றால், ஏசியை அதிகக் குளிரில் வைத்துக் கண்ணாடியைச் சில்லிட வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். மழைக்காலப் புழுக்கத்தில் இது நடக்கும். வைப்பரைப் போடுங்கள், குளிரைக் குறையுங்கள், காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள். போதும்.

இவ்வளவு செய்தும் தெளியவில்லை என்றால், பழுது வண்டியில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி: காற்று வருகிறதா?

புளோயர் எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியில் எது எதற்கு என்று படம் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதை மட்டும் போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் மோட்டார் செட்டிலிருந்து காருக்கும் வந்துவிட்டது. அது வண்டிக்குத் தீ வைக்கும் வேலை. புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் ஒயரில் கோளாறு, எலக்ட்ரீஷியனிடம் போங்கள். கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் புளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். சின்னப் பாகம்தான். புளோயர் இரைகிறது, ஆனால் காற்று இல்லை என்றால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். பல கார்களில் இடப்பக்க டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் அது இருக்கும், கையாலேயே எடுக்கலாம். காருக்குள் கேழ்வரகு, நிலக்கடலை மூட்டை வைப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கைவிடுங்கள். அங்கே எலி கூடு கட்டுவது சகஜம். ஒயரையும் அதுதான் கடிக்கும்.

இரண்டாவது கேள்வி: காற்று கண்ணாடிக்குப் போகிறதா?

கண்ணாடிப் படத்துக்குத் திருப்பிய பிறகு டாஷ்போர்டின் மேல்விளிம்பில் கை வைத்துப் பாருங்கள். அங்கே காற்று இல்லாமல் காலில் மட்டும் வந்தால், உள்ளே உள்ள தடுப்புக் கதவு திரும்பவில்லை. பழைய வண்டியில் குமிழோடு சேர்ந்த கேபிள் கழன்றிருக்கும். புதிய வண்டியில் அதைத் திருப்பும் சின்ன மோட்டார் 'டக் டக்' என்று சத்தம் போடும். காற்று வரும் வாயின் மேல் துணி, காகிதம், சாமி படம் எதையும் வைக்காதீர்கள்.

மூன்றாவது கேள்வி: காற்று சூடாகிறதா?

என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் காற்று குளிர்ச்சியாகவே வந்தால், கூலன்ட் அளவைப் பாருங்கள். என்ஜின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கூலன்ட் சரியாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். அல்லது ஹீட்டருக்குப் போகும் குழாயை யாரோ முன்பு துண்டித்து இணைத்திருக்கலாம். "நம்ம ஊர்ல ஹீட்டர் எதுக்கு" என்று ஒழுகும் ஹீட்டரை மாற்றாமல் குழாயை மட்டும் சுற்றிவிடும் வழக்கம் உண்டு. பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. கண்ணாடியில் படிவது பிசுபிசுவென்று இருந்து, துடைத்தால் இழுவி, இனிப்பான வாடை அடித்தால் அது தண்ணீர் இல்லை. ஹீட்டர் உள்ளே ஒழுகி, கூலன்ட் ஆவியாக வருகிறது. அந்த வண்டியை உடனே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கூலன்ட் விஷம். சுவை இனிப்பாக இருப்பதால் நாயும் கன்றும் நக்கிவிடும், குழந்தைகளும் தொட்டு வாயில் வைத்துவிடும். சிந்தியதைக் கழுவி, மீதியைப் பூட்டி வையுங்கள்.

நான்காவது கேள்வி: காற்று காய்கிறதா?

ஏசி போட்டு இருபது நிமிடம் ஓடினால், ஈரமான நாளில் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். காற்று சில்லென்று வருகிறது, ஆனால் சொட்டவில்லை, கால்பக்கம் மட்டும் நனைகிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. சேறு அடைக்கும், குளவி மண்கூடு கட்டியும் அடைக்கும். கீழிருந்து மெல்லிய, மழுங்கிய கம்பியால் பதமாக எடுத்தால் தேங்கியது கொட்டும். காற்று குளிரவே இல்லை என்றால்தான் கேஸ், கம்ப்ரஸர் பேச்சு. அப்போதும் கசிவு எங்கே என்று பார்க்காமல் கேஸை மட்டும் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான் அது.

நான்கும் சரி என்றால் கண்ணாடியைப் பாருங்கள். ஊதுபத்திப் புகை, பீடிப் புகை, வெயிலில் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவி எல்லாம் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படியும். அழுக்குக் கண்ணாடியில் ஆவி சீக்கிரம் பிடிக்கும், எதிர் வண்டி வெளிச்சமும் சிதறும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரால் துடைத்து, சுத்தத் தண்ணீரால் மறுபடி துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் முடியுங்கள். மாதம் இரண்டு முறை செய்தால் போதும்.

செய்யக்கூடாதவை

குளிர்ந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். உதகைப் பக்கம் மார்கழி, தையில் உறைபனியே விழும். அங்கேயும் இதை யாரும் செய்யக்கூடாது. மருந்து அடிக்கும் தெளிப்பானையும் பூச்சிமருந்து பாட்டிலையும் ஆட்கள் உட்காரும் இடத்தில் ஏற்றாதீர்கள். ஜன்னலை மூடி, காற்றை உள்ளேயே சுற்றவிட்டால் அந்த வாடை முழுவதும் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். சேலம் பக்கம் லோடு கொண்டு போகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு வருவதற்கு முன்பே கண்ணாடி, விளக்கு, பிரேக் மூன்றையும் பார்த்துவிடுங்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த விபத்துகளை நம் மாவட்டம் மறக்கவில்லை. அந்தச் சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகு துடைக்க நேரம் இருக்காது.

இதே விஷயத்தில் வந்த சிறு கேள்விகள்

"எங்களுடையது ஏசி இல்லாத பிக்கப். என்ன செய்வது?" (காரிமங்கலம்)

இரண்டு பக்க ஜன்னலையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. புளோயர் இருந்தால் வெளிக்காற்றில் வைத்துக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். நனைந்த சாக்கு, ஈரத்துண்டு, குடை எல்லாவற்றையும் பின்னால் போடுங்கள். கொஞ்சம் குளிரும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் தாங்கலாம், குருட்டு ஓட்டம் தாங்காது.

"உருளைக்கிழங்கு, புகையிலை, ஷாம்பு தேய்த்தால் ஆவி பிடிக்காது என்கிறார்களே?" (பென்னாகரம்)

ஷாம்பு, சோப்பு வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. வேப்பெண்ணெய் தெளிக்கும்போது காதி சோப்பு கலக்கிறோம் அல்லவா? துளி உருண்டு நிற்காமல் இலையில் பரவ அது உதவுகிறது. கண்ணாடியிலும் அப்படித்தான், ஈரம் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவுவதால் வழி தெரிகிறது. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள்தான் தாங்கும். அதிகம் தடவினால் இரவில் எதிர் விளக்கு கண்ணைக் கூசும். அவசரத்துக்குச் சரி, பழுதுக்கு வைத்தியம் ஆகாது. கிழங்கைக் குழம்புக்கு வையுங்கள்.

"பின் கண்ணாடியில் உள்ள கோடுகள் வேலை செய்யவில்லை." (அரூர்)

அந்தக் கோடுகள் 12 வோல்ட் மின்சாரத்தில் சூடாகும் கம்பிகள். எல்லாக் கோடும் சூடாகவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கண்ணாடி ஓரத்தில் உள்ள ஒயர் இணைப்பு மூன்றையும் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் சூடாகவில்லை என்றால் கோடு அறுந்திருக்கிறது. ஆவி படிந்த நேரத்தில் போட்டுப் பாருங்கள், எந்தக் கோட்டைச் சுற்றித் தெளியவில்லையோ அந்தக் கோட்டில்தான் அறுப்பு. அதற்கென்று மின்சாரம் கடத்தும் வெள்ளிப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. தக்காளிப் பெட்டியைக் கண்ணாடியில் உரசும்படி அடுக்குவதும், ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டுவதும்தான் கோடு அறுவதற்குப் பெரிய காரணம்.

"பட்டுக்கூடு ஏற்றினால் கண்ணாடி அதிகமாக மூடுகிறதே?" (பாப்பிரெட்டிப்பட்டி)

கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கிறது, அது மூச்சு விடுகிறது. கண்ணாடி மூடுகிறது என்றால், உங்கள் கூடும் புழுங்குகிறது என்று அது சொல்கிறது. புழுங்கிய கூட்டில் நூல் சரியாக வராது, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்தில் விலை குறையும். நைலான் வலைப் பையில் தளர்வாகக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று அழுத்தாமல், காற்று போகும்படி வைத்துக் குளிர்ந்த நேரத்தில் கொண்டு போங்கள். கண்ணாடியும் தெளியும், கூடும் பிழைக்கும்.

சாமந்திக்கும் அதே பேச்சுதான், அம்மா. பூவைப் பனி காய்ந்த பிறகு பறித்து, தண்ணீர் தெளிப்பதைக் குறைத்து, மூட்டையைத் தளரக் கட்டுங்கள். ஈரத்தோடு மூட்டையில் அழுத்திய பூ பழுப்பேறும் என்பது உங்களுக்கே தெரியும். எடை கொஞ்சம் குறைந்தாலும் விலை நிற்கும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு, கண்ணாடி முழுவதும் தெளிந்த பிறகு கியர் போடச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சந்தை ஓடிவிடாது. அந்தப் பால்காரப் பெரியவரும் நம்மைப் போல விடியலுக்கு முன் எழுந்து பிழைப்புக்குப் போகிறவர்தான். அவர் சைக்கிளின் பின்பக்கம் ஒரு சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டிக் கொடுக்கும்படி உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஒட்டிவிட்டாரா என்று அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன்.